எக்ஸ்ரேயில் தெரியும் கோடு எலும்பில் எங்கே இருக்கிறது?

கேள்வி: நான் பல் மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தாடை எலும்பைக் கையில் கொடுத்தால் ஒவ்வொரு மேட்டையும் துளையையும் பெயர் சொல்லிக் காட்டிவிடுவேன். ஆனால் ஓபிஜி (இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே) படத்தைத் திரையில் போட்டால் எது எதுவென்றே புரியவில்லை. பெயர் குறித்த படங்களை மனப்பாடம் செய்து பார்த்தேன். வேறொருவருடைய படம் வந்ததும் எல்லாம் குழம்பிவிடுகிறது. சென்ற வாரம் தோழியின் எக்ஸ்ரேயில் கீழ் முன்கடைவாய்ப்பல்லின் வேர் நுனியில் கறுப்பு வட்டம் ஒன்றைப் பார்த்து, சீழ் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவள் பயந்துபோயிருக்கிறாள். ஓபிஜியை விட்டுவிட்டு நேராகக் கோன் பீம் சிடியில் (தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் ஸ்கேன்) தொடங்கலாமா? என் தாடையையே ஒரு ஓபிஜி எடுத்து வைத்துக்கொண்டு படிக்கலாமா?

பதில்: முதலில் தோழியின் விஷயம். அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை, அதனால் அந்த வட்டம் இன்னது என்று சொல்ல மாட்டேன். அவருடைய மருத்துவர் பல்லைத் தட்டிப் பார்த்து, குளிர் வைத்துச் சோதித்துச் சொல்லட்டும். ஆனால் நீங்கள் சொல்லும் இடம், படிக்கத் தொடங்கும் எல்லோரையும் ஏமாற்றும் இடம். கீழ் இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லின் வேர் நுனிக்குப் பக்கத்தில்தான் மென்டல் ஃபொராமென், அதாவது தாடையிலிருந்து நரம்பு வெளிவரும் துளை, பெரும்பாலும் விழும். எலும்பில் அந்தத் துளையை நீங்கள் எத்தனையோ முறை தொட்டுக் காட்டியிருப்பீர்கள். அதே துளை படத்தில் வேரின் மேல் வந்து விழுந்ததும் உங்களுக்குச் சீழாகத் தெரிந்திருக்கலாம். மனப்பாடம் ஏன் கைகொடுக்கவில்லை என்ற உங்கள் பெரிய கேள்வியும் இதே இடத்தில்தான் இருக்கிறது.

எலும்பைக் கையில் பிடிக்கும்போது நீங்கள் பார்ப்பது மேற்பரப்பை. எக்ஸ்ரேயில் மேற்பரப்பு என்று ஒன்று கிடையாது. கதிர் கன்னத்துப் பக்கம் நுழைந்து, எலும்பின் வெளித்தகடு, நடுவிலுள்ள பஞ்செலும்பு, வேர், உள்தகடு எல்லாவற்றையும் கடந்து சென்சாரில் விழுகிறது. வழியில் மொத்தமாக எவ்வளவு தடுக்கப்பட்டது என்ற கணக்கு மட்டும்தான் பதிகிறது. எது முன்னால், எது பின்னால் என்பது தொலைந்துபோகிறது. அதனால் பெயர் குறித்த படத்தை மனப்பாடம் செய்தால் அந்த ஒரு படம்தான் தெரியும். அடுத்தவருக்குக் கதிர் சில டிகிரி தள்ளி விழுந்திருக்கும், கோடுகளும் இடம் மாறியிருக்கும்.

சரி, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிறது என்றால் படத்தில் இவ்வளவு கூர்மையான வெள்ளைக் கோடுகள் எங்கிருந்து வருகின்றன? வெறும் கண்ணாடித் தம்ளரை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் கண்ணாடி இருப்பதே தெரியாது, இரண்டு ஓரங்கள் மட்டும் கோடு இழுத்ததுபோல் தெரியும். தம்ளரின் சுவர் எங்கும் ஒரே தடிமன்தான். ஓரத்தில் நம் பார்வை அந்தச் சுவரின் நீளவாக்கில் போகிறது, அவ்வளவுதான். மெல்லிய எலும்புத் தகடும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. கதிர் அதைக் குறுக்கே துளைத்துக்கொண்டு போனால் பெரிதாகத் தடயம் இருக்காது. தகட்டை ஒட்டி நீளவாக்கில் போனால் பளிச்சென்று ஒரு கோடு விழும். ஆகவே ஒரு கோட்டைப் பார்த்ததும் அதன் பெயரைத் தேடாதீர்கள். கதிர் எந்தத் தகட்டை ஒட்டிப் போயிருக்கும் என்று முதலில் யோசியுங்கள். பெயர் தானாக வரும்.

லாமினா டூராவை எடுத்துக்கொள்வோம். வேரைச் சுற்றி ஓடும் அந்த வெள்ளைக் கோடு பல் குழியின் சுவர். அதில் தாதுச் சத்து கூடுதலாக இருப்பதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது என்று பல மாணவர்கள் நினைக்கிறார்கள். பக்கத்து எலும்பில் இருக்கும் அளவுதான் இதிலும் இருக்கிறது. காய்ந்த தாடையில் பல்லைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் எட்டிப் பாருங்கள். சுவர் முழுக்கப் பொடிப்பொடியாகத் துளைகள் இருக்கும், இரத்தக் குழாய்களும் நரம்புகளும் போய்வந்த வழிகள். இத்தனை துளை உள்ள சுவர்தான் படத்தில் முழுக் கோடாக விழுகிறது. வேர் வளைந்திருந்தாலோ கதிர் சாய்ந்திருந்தாலோ நல்ல ஆரோக்கியமான சுவர்கூட மங்கிப்போகும், சில இடத்தில் காணாமலே போகும். லாமினா டூரா தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து நோய் என்று எழுதிவிடக் கூடாது. அதற்கும் வேருக்கும் நடுவே ஓடும் மெல்லிய கறுப்புக் கோட்டையும் சேர்த்துப் பாருங்கள். அது பல்லைக் குழியோடு பிணைக்கும் நார்த்திசுவின் இடம், அகலம் சுமார் 0.2 மி.மீ.தான். வேரின் நடுப்பகுதியில் சற்றுக் குறுகியும், மேலும் கீழும் சற்று அகன்றும் இருக்கும்.

அடுத்து கீழ்க் கடைவாய்ப்பற்களின் படம். பற்களுக்குக் குறுக்கே இரண்டு வெள்ளைப் பட்டைகள் சரிவாக இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே இருப்பது எக்ஸ்டர்னல் ஆப்ளிக் ரிட்ஜ், கீழே இருப்பது மைலோஹையாய்டு ரிட்ஜ், இரண்டும் எலும்பின் மேல் நீளும் மேடுகள். படத்தில் இரண்டும் ஒரே சுவரில் வரைந்த கோடுகள் மாதிரி, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக ஏறக்குறைய இணையாக ஓடும். எலும்பை எடுத்துப் பாருங்கள்: முதலாவது கன்னத்துப் பக்கம், இரண்டாவது நாக்குப் பக்கம். நடுவில் தாடையின் முழு அகலமும் இருக்கிறது. இந்த ஒரு ஜோடியை எலும்பிலும் படத்திலும் மாறி மாறிப் பார்த்தாலே, படம் ஆழத்தை எப்படி விழுங்குகிறது என்பது பிடிபட்டுவிடும். மேல்தாடையில் இதற்கு ஈடானது முதல் கடைவாய்ப்பல்லுக்கு மேலே விழும் வெள்ளை வளைவு, கன்ன எலும்பு தாடையோடு சேரும் இடம். அது வேர் நுனிகளை மறைத்துக்கொண்டு பல சிகிச்சைகளைச் சிரமப்படுத்தும்.

இதைக் கண்ணால் மட்டும் படிப்பதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. உங்கள் கல்லூரியின் கதிரியல் துறையில் அனுமதி கேட்டு, ஒரு காய்ந்த கீழ்த்தாடையைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். முதலில் வெறுமனே ஒரு படம். பிறகு மெல்லிய கம்பியை மெழுகால் மைலோஹையாய்டு ரிட்ஜ் மேல் ஒட்டி ஒரு படம். அப்புறம் ரேமஸின் (தாடையின் பின்புறம் மேலே எழும் பகுதி) உட்புறத் துளையிலிருந்து நரம்புக் கால்வாய்க்குள் வளையக்கூடிய மெல்லிய கம்பியை முடிந்தவரை செலுத்தி ஒரு படம். ஒவ்வொன்றையும் வெறும் படத்தோடு ஒப்பிடுங்கள். எலும்புக்குக் கதிர்வீச்சால் ஒரு கெடுதலும் இல்லை, இயக்குபவர் வழக்கமான பாதுகாப்போடு நின்றால் போதும். மென்திசு இல்லாததால் வழக்கமான அளவில் எடுத்தால் படம் கருத்துவிடும், அளவைக் குறைக்கச் சொல்லுங்கள். கம்பி இருக்கும் ஒரு படம், பெயர் குறித்த இருபது படங்களைவிடக் கூடுதலாகக் கற்றுக்கொடுக்கும் என்பது என் எண்ணம்.

கால்வாயின் பேச்சு வந்துவிட்டதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். படத்தில் அது இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே கறுப்புப் பாதையாக ஓடும். கோடுகள் இரண்டும் கால்வாயின் கூரையும் தரையும். பக்கச் சுவர்களைக் கதிர் குறுக்கே துளைத்துப் போவதால் அவை தெரிவதில்லை. இப்போது ஞானப்பல்லின் வேர் அந்தக் கால்வாயின் மேல் விழுந்திருக்கும் ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேர் பக்கத்தில் சும்மா இருக்கிறதா, உண்மையிலேயே கால்வாயைத் தொடுகிறதா? மேலேயுள்ள வெள்ளைக் கோடு வேரைக் கடக்கும் இடத்தில் அறுந்துபோனால், அந்த இடத்தில் வேர் கருத்துத் தெரிந்தால், கால்வாய் திசை மாறி வளைந்தால், நரம்புக்கு ஆபத்து அதிகம் என்று ரூட், ஷெஹாப் இருவரும் 1990-இல் எழுதினார்கள். இன்றும் பல் எடுக்கும் முன் நாங்கள் தேடுவது இவற்றைத்தான். ஏன் கோடு அறுகிறது என்று இப்போது நீங்களே சொல்லிவிடலாம்: அந்த இடத்தில் கூரைத் தகடே இல்லை, அல்லது மிகவும் மெலிந்துவிட்டது.

இனி தோழியின் வட்டத்துக்குத் திரும்பலாம். அப்படி ஒன்றைப் பார்த்தால் முதலில் லாமினா டூராவையும் அதை ஒட்டிய கறுப்புக் கோட்டையும் வேர் நுனியைச் சுற்றிப் பின்தொடருங்கள். கறுப்பு வட்டத்தின் ஊடாக இரண்டும் அறுபடாமல் போனால் அது வெறுமனே மேலே விழுந்த நிழலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சந்தேகம் இருந்தால், சிகிச்சைக்குத் தேவைப்படும் பட்சத்தில், மருத்துவர் எக்ஸ்ரே குழாயைப் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு படம் எடுப்பார். துளை கன்னத்துப் பக்கத் தகட்டில் இருப்பதால், குழாய் நகர்ந்த திசைக்கு எதிராக வேர் நுனியை விட்டு விலகிவிடும். வேரோடு ஒட்டிய நோயாக இருந்தால் வேரை விட்டுப் போகாது. நாக்குப் பக்கம் இருக்கும் பொருள் குழாயோடு நகரும், கன்னத்துப் பக்கம் இருப்பது எதிர்த்திசையில் நகரும் என்ற இந்த விதியைக் கிளார்க் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். மேல் முன்பற்களின் வேர்களுக்கு நடுவே இன்சிசிவ் ஃபொராமென் என்ற அண்ணத்துத் துளை இதே விளையாட்டைக் காட்டும். அங்கேயும் இதே சோதனைதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதுவும் அதே விதியிலிருந்துதான் வருகிறது. பஞ்செலும்புக்குள் மட்டும் இருக்கும் சேதம் படத்தில் தெரியாமல் போகலாம். பெண்டரும் செல்ட்சரும் இறந்தவர்களின் தாடைகளில் செயற்கையாகக் குழி தோண்டிப் படம் எடுத்து, 1961-இல் இதை வெளியிட்டார்கள். வெளித்தகடோ உள்தகடோ அரிக்கப்பட்ட பிறகே கறுப்பு தெளிவாகத் தெரிந்தது. காரணம் எளிது: கதிரை அதிகம் தடுப்பது தகடு. பஞ்செலும்பின் பங்கு சிறியது, அது போனாலும் மொத்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. எனவே வலிக்கிறது என்று நோயாளி சொல்லும்போது படம் சுத்தமாக இருக்கிறது என்று வாதாடக் கூடாது.

ஓபிஜிக்கு வருவோம். இது சாதாரண எக்ஸ்ரேயைவிட இன்னும் கொஞ்சம் தந்திரமானது. ஃபின்லாந்தின் யூர்யோ பாதெரோ 1950-களில் வளர்த்தெடுத்த முறை இது. குழாயும் சென்சாரும் தலையைச் சுற்றி எதிரெதிரே நகர்கின்றன. லாட வடிவில் உள்ள ஒரு தளத்துக்குள் இருப்பது மட்டும் கூர்மையாகப் பதிகிறது, தளத்துக்கு வெளியே இருப்பது கலங்கிவிடுகிறது. அந்தத் தளம் முன்பற்கள் பக்கம் குறுகலாகவும் பின்னால் அகலமாகவும் இருக்கும். ஆகவேதான் நோயாளி சற்று முன்னே நின்றால் முன்பற்கள் ஒடுங்கித் தெரியும், பின்னே நின்றால் அகன்று தெரியும். முகவாய் அளவுக்கு மீறித் தாழ்ந்திருந்தால் பல்வரிசை சிரிப்பதுபோல் வளையும், உயர்ந்திருந்தால் தட்டையாகிவிடும். நாக்கை அண்ணத்தில் ஒட்டாமல் விட்டால் நடுவே இருக்கும் காற்று மேல் வேர்களின் மீது கறுப்புப் பட்டையாக விழும். நடுவில் தெரியும் வெண்மூட்டம் கழுத்து எலும்பு. அப்புறம் பேய் நிழல்கள்: ஒரு பக்கத் தாடையின் மூலையோ கழற்றாத காதணியோ மறுபக்கத்தில், கொஞ்சம் மேலே, பெரிதாகி, கலங்கி விழும். ரேமஸின் மேல் காரணமில்லாமல் ஒரு வெண்படலம் இருந்தால் எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். உருவமும் பெரிதாகித்தான் விழும், பல கருவிகளில் 20 முதல் 30 சதவீதம் வரை. திரையில் அளவுகோல் வைத்து மில்லிமீட்டர் சொல்லாதீர்கள், குறிப்பாகக் கிடைவாக்கில்.

ஓபிஜியைப் படிக்கும்போது பற்களைக் கடைசியில் பாருங்கள். கண் முதலில் பல்லுக்குத்தான் ஓடும், ஓடினால் அங்கேயே உட்கார்ந்துவிடும். அச்சிட்ட படத்தின் மேல் டிரேசிங் தாள் வைத்து, ஒரு பக்கக் கான்டைலில் (காதுக்கு முன்னால் மூட்டில் அமரும் தாடை முனை) தொடங்கி, ரேமஸின் பின்விளிம்பு, தாடை மூலை, கீழ்விளிம்பு என்று பென்சிலை எடுக்காமல் மறுபக்கக் கான்டைல் வரை வரையுங்கள். பிறகு இரண்டு கான்டைல்களுக்கும் அவற்றுக்கு முன்னால் இருக்கும் கொரனாய்டு முனைகளுக்கும் இடையிலுள்ள வளைவுகள், நரம்புக் கால்வாய்கள், மேலே சைனஸ்களின் (மேல்தாடைக்குள் இருக்கும் காற்றறைகள்) தரை, அண்ணம், மூக்கறை. வலமும் இடமும் ஒத்துப்போகாத இடத்தில் நின்று ஏன் என்று கேளுங்கள். பாதி நேரம் தலை திரும்பியிருந்ததுதான் காரணமாக இருக்கும். மீதி நேரத்துக்காகத்தான் இந்த உழைப்பு. சைனஸின் தரை கடைவாய்ப்பற்களின் வேர்களுக்கு நடுவே இறங்கித் தெரிந்தால் வேர் சைனஸுக்குள் இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள், பெரும்பாலும் பக்கத்தில்தான் இருக்கும்.

வயதையும் கணக்கில் வையுங்கள். ஆறேழு வயதுக் குழந்தையின் ஓபிஜியில் பால்பற்களுக்கு அடியில் நிலைப்பற்கள் நெருக்கியடித்து நிற்கும். முதல் முறை பார்த்தால் திகைப்பாக இருக்கும், எல்லாம் இயல்புதான். பல் முளைத்த பிறகும் வேர் முடிய இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை வேர் நுனி அகலமாகத் திறந்திருக்கும், அதன் அடியில் வட்டமாகக் கறுப்பு தெரியும். வளரும் திசு இருக்கும் இடம் அது, அதையும் சீழ் என்று சொல்லிவிடாதீர்கள்! பற்கள் போன முதியவர்களுக்கு எலும்பு கரைந்து மென்டல் ஃபொராமென் தாடையின் மேல்விளிம்புக்கே வந்துவிடும், சைனஸும் கீழ்நோக்கி விரியும். கீழ்க் கடைவாய்ப்பற்களுக்கு அடியில் சிலருக்குப் பஞ்செலும்பின் இழைகள் மிகவும் குறைவாக இருக்கும், கட்டி என்று தோன்றும். எதிர்ப்பக்கத்திலும் அப்படியே இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை.

கோன் பீம் சிடியில் தொடங்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். 1990-களின் இறுதியில் வந்த இந்த முறை ஆழத்தைத் திருப்பிக் கொடுக்கிறது, உண்மைதான். ஆனால் தினமும் உங்கள் முன் வரப்போவது சிறிய எக்ஸ்ரேயும் ஓபிஜியும்தான். அடுக்கடுக்காக வெட்டிக் காட்டும் படத்தில் பழகிவிட்டால், நிழலைப் பிரித்துப் படிக்கும் பொறுமை வராது. அதை விடைத்தாளாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நோயாளிக்குச் சிகிச்சைக்காக இரண்டும் எடுத்திருப்பார்கள். பெயர் நீக்கிய அப்படிப்பட்ட ஜோடிகளைத் துறையில் கேளுங்கள். ஓபிஜியைப் பார்த்து, கால்வாய் வேருக்குக் கன்னத்துப் பக்கமா நாக்குப் பக்கமா என்று முதலில் எழுதிவையுங்கள், பிறகு குறுக்குவெட்டைத் திறந்து சரிபாருங்கள். ஓபிஜி மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது என்ற பதிலும் சில நேரம் சரியான பதில். குறுக்குவெட்டில் கட்டாயம் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கடைவாய்ப்பற்களுக்குக் கீழே நாக்குப் பக்கம் எலும்பு உள்வாங்கும் குழிவு. ஓபிஜியில் அது சற்றுக் கருத்த பகுதியாக மட்டும் தெரியும், இம்பிளான்ட் (செயற்கை வேர்) வைப்பவருக்கோ அங்கே உள்தகட்டைத் துளைத்துவிடும் அபாயம். இன்னொன்று, மென்டல் ஃபொராமெனுக்கு வரும் நரம்பு வெளியேயும் மேலேயும் பின்னேயும் திரும்பி வருவது. சிலருக்கு அது துளையைத் தாண்டி முன்னே போய் வளைந்து திரும்பும்.

உங்கள் தாடையை ஓபிஜி எடுப்பது பற்றி: படிப்பதற்காக மட்டும் எடுக்காதீர்கள். 1896 ஜனவரியில் ஜெர்மனியின் ஓட்டோ வால்க்ஹோஃப் தன் பற்களை எடுத்த முதல் எக்ஸ்ரேக்கு 25 நிமிடம் கதிரில் இருந்தார், அதன் ஆபத்து அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது. இன்றைய ஓபிஜியின் கதிர்வீச்சு அளவு சுமார் 10 முதல் 25 மைக்ரோசீவெர்ட், இயற்கையிலேயே நாம் சில நாட்களில் பெறும் அளவுதான். குறைவுதான் என்றாலும், எடுப்பவருக்கு மருத்துவப் பயன் இருந்தால்தான் எடுக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் அடிப்படை விதி, மாணவருக்கு அதில் விலக்கு இல்லை. ஏற்கெனவே சிகிச்சைக்காக எடுத்தது இருந்தால் பிரதி வாங்கித் தாராளமாகப் படியுங்கள். எதிரில் நிற்பவரைப் பார்ப்பதுபோல்தான் படம் இருக்கும், உங்கள் வலப்பக்கம் படத்தில் இடக்கைப் பக்கம் வரும். படத்தை முன்னால் வைத்துக்கொண்டு உங்கள் தாடையையே தொட்டுப் பாருங்கள்: கீழ்விளிம்பு, மூலை, ரேமஸின் பின்விளிம்பு. காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்தால் கான்டைல் முன்னே நழுவுவது தெரியும். ஆனால் ஓபிஜி எடுக்கும்போது முன்பற்களால் ஒரு கட்டையைக் கடிக்க வைப்பார்கள், தாடை சற்று முன்னே வந்து நிற்கும். அதனால் படத்தில் கான்டைல் குழிக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை வைத்து உங்கள் மூட்டைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.